கழிவிலிருந்து துணைப்பொருளாக: தமிழ்நாட்டு அனல்மின் நிலையச் சாம்பலும் அதன் கணக்கும்

ஆய்வுச்சுருக்கம்

நிலக்கரிச் சாம்பல் தமிழ்நாட்டின் மின்னுற்பத்தி நிறுவனங்கள் வெளியேற்றும் கழிவுகளில் அளவால் மிகப்பெரியவற்றுள் ஒன்று. அதனைக் கையாளும் முறையும் அதுபற்றிய அறிக்கை முறையும் 1999 முதல் 2021 வரை வந்த அறிவிக்கைகளால் உருப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆண்டு விழுக்காட்டை முதன்மையாகக் கொண்ட கணக்கு, தேங்கிய சாம்பலைப் பார்வையிலிருந்து மறைத்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உலர் சாம்பல், அனல்மின் நிலையம், எண்ணூர், தூத்துக்குடி, காரைக்குடி, சுற்றுச்சூழல் வரலாறு

முன்னுரை

1957இல் அமைந்த தமிழ்நாடு மின்சார வாரியம், 1970இல் எண்ணூரிலும் 1979இல் தூத்துக்குடியிலும் 1987இல் மேட்டூரிலும் 1994இல் வடசென்னையிலும் நிலக்கரி அனல்மின் நிலையங்களை இயக்கத் தொடங்கியது. இவற்றுக்குப் பெரும்பாலும் ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து கப்பல்வழி நிலக்கரி வந்தது. இந்திய நிலக்கரியின் எடையில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் ஆகும். எனவே, மின்சாரத்தின் வரலாறு எழுதப்படும்போது சாம்பலின் வரலாறும் உடன் எழுதப்பட வேண்டியதாகிறது.

சாம்பல் கையாளப்பட்ட முறை

கொதிகலனில் தோன்றும் சாம்பலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு புகையோடு மேலெழும் நுண்துகளாகும். எஞ்சியது அடியில் படியும். மேலெழுவதை மின்புலத்தால் ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் சேகரிக்கின்றன. உலர்ந்த நிலையில் எடுத்தால் அது சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருள். நீரில் கரைத்துக் குழாய்வழி அனுப்பினால் சாம்பல் குளத்தில் தேங்கும் சேறு. ஒரே பொருள் சரக்காவதும் கழிவாவதும் அதனை எடுக்கும் முறையைப் பொறுத்தே அமைகிறது.

வடசென்னை நிலையத்தின் சாம்பல் சேறு கொசஸ்தலை ஆற்றுப் பகுதியைக் கடந்து செப்பாக்கத்தை ஒட்டிய குளத்தை அடைந்தது. குழாய்க் கசிவுகளால் ஆற்றிலும் உப்பங்கழியிலும் சாம்பல் படிந்தது. மீன்பிடித் தொழிலாளரும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் தொடர்ந்து முறையிட்டனர். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இம்மாசினைச் சீர்செய்யும் பொறுப்பினை மின் நிறுவனத்தின்மீது சுமத்தியது.

அறிவிக்கைகளும் கணக்கு முறையும்

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ், 1999 செப்டம்பர் 14இல் முதல் சாம்பல் அறிவிக்கை வெளியானது. நிலையத்திலிருந்து 50 கி.மீ. சுற்றளவில் செங்கல் செய்வோர் குறைந்தது 25 விழுக்காடு சாம்பலைக் கலக்க வேண்டும் என்றும், பழைய நிலையங்கள் 15 ஆண்டுகளில் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்றும் அது விதித்தது. 2003இல் சுற்றளவு 100 கி.மீ. ஆயிற்று. 2009இல் பழைய நிலையங்களுக்கு ஐந்தாண்டுக் கெடுவும், 2016இல் 2017 டிசம்பர் 31 என்னும் கெடுவும் வகுக்கப்பட்டன. கெடுக்கள் கடந்தபோதெல்லாம் புதிய கெடுக்கள் தோன்றின.

இலக்கு விழுக்காடாக வகுக்கப்பட்டதால் அறிக்கையும் விழுக்காடாகவே அமைந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, 1996-97இல் நாடு முழுவதும் உருவான 6.89 கோடி டன் சாம்பலில் 9.63 விழுக்காடு பயன்பட்டது. 2017-18இல் உருவான 19.64 கோடி டன்னில் 67.13 விழுக்காடு பயன்பட்டது. விழுக்காடு ஏழு மடங்கு உயர்ந்திருக்கிறது. ஆயினும் பயன்படாது எஞ்சிய அளவு முந்தைய ஆண்டில் 6.22 கோடி டன். பிந்தைய ஆண்டில் 6.46 கோடி டன். அறிக்கையில் முன்னேற்றமாகத் தோன்றிய காலத்திலும் குளத்துக்குச் சென்ற சுமை குறையவில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

'பயன்பாடு' என்னும் சொல்லின் பரப்பும் கருதத்தக்கது. சிமெண்ட், செங்கல் ஆகியவற்றோடு தாழ்நிலம் நிரப்புதல், கைவிடப்பட்ட சுரங்கம் நிரப்புதல், சாம்பல் குளத்தின் கரையை உயர்த்துதல் ஆகியனவும் அதனுள் அடங்கின. குளத்தின் கரையை உயர்த்தச் சாம்பலையே இடுவதும் பயன்பாட்டுக் கணக்கில் ஏறியது.

செட்டிநாடும் சட்டத்தின் வட்டமும்

காரைக்குடிக்கு மிக அருகிலுள்ள நிலக்கரி அனல்மின் மையமான தூத்துக்குடி, நேர்த்தொலைவில் ஏறத்தாழ 160 கி.மீ. அப்பால் உள்ளது. ஆகவே 1999, 2003 ஆகிய ஆண்டுகளின் வட்டங்களுக்குள் செட்டிநாடு வரவில்லை. 2016இல் சுற்றளவு 300 கி.மீ. ஆனபோதுதான் தூத்துக்குடி, மேட்டூர் ஆகிய இரண்டின் வட்டங்களுக்குள்ளும் வந்தது. 100 கி.மீ. வரை சாம்பலை ஏற்றிச் செல்லும் செலவு நிலையத்தைச் சாரும். அதற்கு மேல் 300 கி.மீ. வரை நிலையமும் பயனரும் சரிபாதியாக ஏற்க வேண்டும் என்றது அவ்வறிவிக்கை. இதன்படி, செட்டிநாட்டுச் செங்கல் உற்பத்தியாளருக்குச் சாம்பலின் விலையைவிட வண்டி வாடகையே முதன்மையான செலவாக அமைந்தது.

சட்டம் வருவதற்கு முன்பே சாம்பல் பற்றிய அறிவு இங்கு வளர்ந்திருந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கான்கிரீட்டினுள் கம்பி துருப்பிடித்தலை ஆராய்ந்து வந்தது. வினையூட்டிய சாம்பலைச் சேர்க்கும்போது கான்கிரீட்டின் துருவெதிர்ப்பு மேம்படுவதைக் காட்டும் ஆய்வினை அதன் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். சாம்பல் பொருளாகும் வாய்ப்பினை ஆய்வகம் காட்டியபோதும், அதனைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நெடுங்காலம் வகுக்கப்படாமலே இருந்தது.

அறிக்கையின் இரு வழிகள்

2021 டிசம்பர் 31இன் அறிவிக்கை, பயன்படாத ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆண்டுத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. பழைய தேக்கத்தைப் பத்தாண்டுகளில் அகற்றவும் பணித்தது. அதே ஆண்டில் பங்குப் பரிவர்த்தனை வாரியமான செபி, பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தம் கழிவுகளை வகைவாரியாக அறிவிக்க வேண்டும் என்றது. இதன்படி, நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்.எல்.சி. இந்தியா தன் கழிவுக் கணக்கை முதலீட்டாளர்க்கும் காட்டுகிறது. தமிழ்நாடு மின்னுற்பத்திப் பகிர்மானக் கழகம் பட்டியலிடப்படாத அரசு நிறுவனம் ஆதலின் அக்கடமை அதற்கு இருக்கவில்லை. தூத்துக்குடியில் இவ்விரு நிறுவனங்களும் கூட்டாக 1,000 மெகாவாட் நிலையம் ஒன்றை நிறுவியுள்ளன என்பது இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். 2024இல் கழகம் பிரிக்கப்பட்டு உற்பத்திக்கெனத் தனி நிறுவனம் அமைந்த நிலையில், பழைய சாம்பலின் பொறுப்புத் தொடர்ச்சி முன்னிலும் முதன்மை பெறுகிறது.

முடிவுரை

சாம்பல் கழிவிலிருந்து துணைப்பொருளாக மாறியதில் அறிவிக்கைகளின் பங்கு மறுக்க முடியாதது. 2021-22இல் நாட்டளவில் 95.95 விழுக்காடு எட்டப்பட்டது. ஆயினும் அது அவ்வாண்டில் உருவான சாம்பலை அடிப்படையாகக் கொண்ட விகிதமே. கொசஸ்தலை ஆற்றங்கரையில் கிடப்பது பல்லாண்டு அனல்மின் உற்பத்தியின் எச்சம். ஒவ்வொரு நிலையத்திலும் தேங்கிய அளவு, அது கிடக்கும் இடம், ஆண்டுதோறும் அகற்றிய அளவு ஆகிய மூன்றும் ஒரே அட்டவணையில் மக்கள் பார்வைக்கு வரும்போதே அறிக்கை முழுமையான வரலாற்று ஆவணமாகும்.