எழுத்தாணி மீண்டபோது



எழுத்தைப் பற்றிப் பேசும்போது அதன் ஒலியையும் வடிவத்தையும் பற்றிப் பேசுகிறோம். அந்த வடிவத்தை வகுத்ததில் எழுதுகருவிக்கும் எழுதப்படும் பொருளுக்கும் உள்ள பங்கை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பனையோலையில் கூரிய எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர், ஓலை பொத்துவிடும் என்றஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விட்டாரல்லர். அத்தகைய ஏடுகளை யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் படித்துப் பதிப்பித்தார்கள் என்றால், ஏட்டில் இல்லாததை அவர்களுடைய புலமை நிரப்பியது என்பதே பொருள்.

ஆனால், வாசிப்பது மனிதனாக அன்றி இயந்திரமாக இருந்தால்? 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இக்கேள்வி எழுந்தது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், அதற்குக் கிடைத்த விடை கணனி வரலாற்றுக்கு மட்டுமன்றி எழுத்தின் வரலாற்றுக்கும் உரியது என்றே கருதுகிறேன்.

கையில் அடங்கும் கணனியில் விசைப்பலகைக்கு இடமில்லை. ஆகவே, கண்ணாடித் திரையில் சிறு கோல் கொண்டு எழுதும் முறை வந்தது. எழுத்தாணி மீண்டும் பிறந்தது எனலாம். 1993 ஓகஸ்டில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘நியூற்றன்’ என்னும் கருவி, ஒருவர் தமது இயல்பான கையெழுத்தில் எழுதியதையே வாசித்துவிடும் என்று நம்பப்பட்டது. அது முழுச் சொல்லையும் தன் அகராதியோடு ஒப்பிட்டே பொருள்கொண்டது. ஆதலால் ஓரெழுத்துத் தவறினாலும் முற்றிலும் வேறான சொல் வந்து நின்றது. பத்திரிகைகளின் கேலிச் சித்திரத் தொடர்களிலும் இது நகைப்புக்கு இடமாயிற்று. பின்வந்த பதிப்புகளில் வாசிக்கும் திறன் மிகவும் திருந்தியபோதிலும் முதற் பெயர் மாறவில்லை. 1998இல் அக்கருவியின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இயந்திரத்தின் இடர்ப்பாடு யாது? ஓரெழுத்து எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே. ஆங்கில ‘ரீ’ எழுத்துக்கு நெடுங்கோடிட்டுக் கோலை எடுத்தால், அடுத்து வருவது அதன் குறுக்குக் கோடா, அன்றிப் புதிய எழுத்தா என்பதை இயந்திரம் அறியாது. செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ரோ ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் கோல்ட்பேர்க், கேற் ரிச்சட்சன் ஆகிய இருவரும் 1993இல் இதற்கொரு வழி கூறினர். ஒவ்வோர் எழுத்தையும் கோலை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதவேண்டும். கோல் எழுந்தால் எழுத்து முடிந்தது. இடத்தைக் கொண்டு எழுத்தைப் பிரிக்கவேண்டிய தேவை இல்லாததால், ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில், திரையைப் பாராமலே எழுதலாம். ‘யூனிஸ்ரோக்ஸ்’ எனப்பட்ட இவ்வரிவடிவில் ஐந்து அடிப்படைக் கீறல்களே திசைமாறிப் பல எழுத்துகளாயின. அடிக்கடி வரும் ஈ, ஏ, ரீ, ஐ, ஆர் என்பவற்றுக்கு வெறும் நேர்கோடுகள். விரைவுக்கு இதனினும் சிறந்தது அரிது. ஆயினும், அவற்றுட் பல பழகிய எழுத்தின் சாயலை இழந்திருந்தன. புதிய லிபியொன்றை அரிச்சுவடியிலிருந்து படிக்கும் உழைப்பை அது கேட்டது.

இவ்விடத்தில் ஜெஃப் ஹோக்கின்ஸ் என்பவர் வருகிறார். தட்டச்சைப் பழகிக்கொண்ட மனிதர், தவறாமல் வாசிக்கும் கருவி கிடைக்குமானால் எழுதும் முறையிலும் சிறிது மாற்றத்தை ஏற்பர் என்பது அவர் துணிபு. அவர் அமைத்த ‘கிரஃபிற்றி’ எழுத்தும் ஓரிழுப்பு எழுத்தே. ஆனால், பழைய எழுத்தின் முகம் அதில் மறையவில்லை. ‘ஏ’ எழுத்து குறுக்குக் கோட்டை இழந்து கூரைபோல் நின்றது. ‘ஐ’ தன் தலைப்புள்ளியை இழந்தது. ஓலைச்சுவடியின் புள்ளி நீங்கிய மெய்யை அறிந்த நமக்கு இது புதுமையன்று! 1996இல் சந்தைக்கு வந்த ‘பைலற்’ கருவி இவ்வெழுத்தையே கொண்டிருந்தது. ஐந்து நிமிடப் பயிற்சியின் பின் எழுதுவோர் நூற்றுக்கு 97 எழுத்துகளைச் சரியாக எழுதினர் என்றும், ஒரு வாரம் கழித்தும் அத்திறன் குறையவில்லை என்றும் மக்கென்சி, ஷாங் என்போர் 1997இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மில்லியன் கணக்கானோர் அதனைக் கற்றனர்.

ஆனால் எழுத்து யாருக்குச் சொந்தம்? ஓரிழுப்பு முறைக்கு 1997 ஜனவரியில் காப்புரிமை பெற்ற செரொக்ஸ், அவ்வாண்டு ஏப்ரலில் வழக்குத் தொடுத்தது. தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. 2001 டிசம்பரில் தீர்ப்பு செரொக்ஸ் பக்கம் சாய்ந்தது. 2003இல் பாம் நிறுவனம் தன் எழுத்தை மாற்றி, ‘ஜொட்’ என்னும் வேறொரு முறையைத் தழுவிய இரண்டாம் கிரஃபிற்றியைக் கொணர்ந்தது. ‘ஐ’க்குப் புள்ளி திரும்பியது. ‘ரீ’யும் ‘கே’யும் இரண்டு இழுப்புகளாயின. பழைய வடிவில் ஊறிய கைகள் மீண்டும் பழகவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அக்காப்புரிமை செல்லாது என நீதிமன்றம் கூறியது. 2006இல் பாம் 2 கோடியே 25 இலட்சம் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களைத் திருத்தியது வாசகரின் மயக்கம் தீர. 1978இல் தமிழ்நாட்டு அரசு ணை, லை முதலியவற்றின் வடிவை மாற்றியது எழுத்தை எளிமையாக்க. இங்கோ ஒரு வழக்கின் நெருக்கடியில் எழுத்து மாறிற்று. எழுதும் மக்களின் வசதியை யாரும் கேட்டிலர்.

வேறு முயற்சிகளும் நடந்தன. நியூயோர்க் பல்கலைக்கழகத்துக் கென் பேர்லின், கோலை எடுக்காமலே சொற்களைத் தொடர்ந்து எழுதும் ‘குயிக்றைற்றிங்’ முறையை 1998இல் வெளியிட்டார். கேம்பிறிட்ஜில் டேவிட் வார்ட், டேவிட் மக்கே முதலியோர் உருவாக்கிய ‘டாஷர்’, எதிர்ப்பட்டு வரும் எழுத்துகளை நோக்கிக் கோலைச் செலுத்தினாற் போதும் என்றது. கையை அசைக்க இயலாதவர் கண்ணசைவால் எழுதவும் அது வழிசெய்தது. ஷூமின் ஷாய், பேர் ஓலா கிறிஸ்ரென்சன் ஆகியோரின் ஆய்வில், திரையிலுள்ள எழுத்துகளைத் தொடுத்து இழுக்கும் ஒரு கோடே ஒரு சொல்லாயிற்று. இன்றைய கைத்தொலைபேசிகளில் விரலை இழுத்து எழுதும் முறை இவ்வழியில் வந்ததே.

இயந்திரங்கள் இப்போது மனிதரின் கையெழுத்தைப் பெரிதும் வாசிக்கப் பழகிவிட்டன. கிரஃபிற்றி வழக்கொழிந்தது. எனினும் அது ஒன்றை உணர்த்திச் சென்றது. கருவிக்கேற்ப எழுத்து மாறும், மாறியே தீரும். ஆனால், விரைவு ஒன்றை மட்டும் நோக்கி வகுத்த வடிவைவிட, பழைய வடிவின் நினைவைப் பேணிய வடிவையே மக்கள் கைக்கொண்டனர். தமிழெழுத்தைத் திருத்தப் புறப்படுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.