கிளிநொச்சியில் வேலியும் மேய்ச்சல் நிலமும்

பயிர்த்தொழிலும் மந்தை வளர்ப்பும் அடுத்தடுத்து நிகழும் நாடெங்கும் ஒரு வழக்கு எழுதல் இயல்பு. வேலியடைக்கும் கடன் உழவனுடையதா, மாட்டுக்காரனுடையதா என்பதே அது. உழவன் தன் பயிரைச் சூழ வேலியடைக்க வேண்டுமாயின், வேலிக்குப் புறம்பான நிலமெல்லாம் மாட்டுக்குத் திறந்ததாகும். மாட்டுக்காரன் தன் மந்தையைச் சூழ வேலியடைக்க வேண்டுமாயின், அவ்வடைப்புக்கு உட்பட்ட நிலமன்றி மாட்டுக்கு வேறு நிலமில்லை. வன்னிப் பெருநிலம், சிறப்பாகக் கிளிநொச்சிப் பகுதி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் முன்னைய நிலையிலிருந்து பின்னைய நிலையை நோக்கி நகர்ந்தது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வன்னி ஊர் குளத்தை நம்பி வாழ்ந்தது. குளத்தின்கீழ் வயல்; வயலுக்கு அப்பால் தரவை; தரவைக்கு அப்பால் காடு. காலபோக விதைப்புக்கு முன்னர் வயற்பங்காளர் ஒருங்குகூடி, காட்டில் வெட்டிய முள் அலம்பலைக்கொண்டு வயல்வெளி முழுவதையும் சூழ ஒரே வேலியாக அடைப்பர். அவரவர் பங்கின் அளவே அவரவர் அடைக்க வேண்டிய வேலியின் நீளத்தை வரையறுத்தது. ஒருவன் தன் பாகத்தை அடையாது விட்டால் அவன் வயல் மட்டுமன்றி ஊர் வயல் முழுவதும் அழியும். ஆதலின் வேலி தனியொருவனது உடைமையாகாது, ஊரின் கட்டுப்பாடாக விளங்கிற்று. அறுவடை முடிந்தபின் அவ்வேலியிற் பெரும்பகுதி கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாகும். மாடுகள் அரிதாளை மேய்ந்து வயலுக்கு எருவிட்டுச் செல்லும். எனவே அக்கால வேலி சில திங்கள் மட்டுமே வாழ்ந்த வேலி. பட்டிகளோ ஆண்டின் பெரும்பகுதியைத் தரவையிலும் காட்டோரத்திலும் கழித்தன. யாருடைய மாடு என்பதை அதன் உடலிற் சுட்ட குறியே காட்டிற்று. நிலத்திற்கு எல்லை இல்லாதவிடத்து மாட்டிற்கு அடையாளம் வேண்டியதாயிற்று.

சோழநாட்டில் ‘வேலி’ என்பதே நில அளவையின் பெயராய் வழங்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கு அடைத்த நிலமே நிலமெனக் கொள்ளப்பட்டது போலும். வன்னியிலோ வயலின் பரப்பை விதைப்பாட்டால், அஃதாவது விதைக்கும் நெல்லின் அளவால் கூறினர். கிளிநொச்சி என்னும் பெயரிலுள்ள நொச்சியும் வேலிக்கு உதவும் செடியே. அரண் காத்தலைக் குறிக்கும் புறத்திணைக்கும் அதுவே பெயர்.

இவ்வழக்கு வன்னிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் இதே வினா மிக வன்மையாக எழுந்தது. 1862ஆம் ஆண்டுக் குடிநிலச் சட்டம் குடியேறிய குடும்பத்திற்கு 160 ஏக்கர் வழங்கிற்று. ஆயின் மரமற்ற அச்சமவெளியில் வேலிக்கு வேண்டிய மரம் இல்லை. 1874இல் இலினோய் மாநிலத்து உழவரான யோசப் கிளிடன் என்பார், இரு கம்பிகளை முறுக்கி அவற்றிடையே முட்களை அசையாது நிறுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். அவ்வாண்டில் ஏறத்தாழ 10,000 இறாத்தலாக இருந்த முட்கம்பி விற்பனை 1880இல் 8 கோடி இறாத்தலாகப் பெருகியது. திறந்த புல்வெளியில் மந்தை நடத்தியோர் தம் வழிகளும் நீர்நிலைகளும் அடைபட்டமை கண்டு, 1883இல் டெக்சாஸ் மாநிலத்தில் இரவோடிரவாகக் கம்பிகளை வெட்டினர். மறு ஆண்டில் வேலி வெட்டுதல் பெருங்குற்றமாக்கப்பட்டது. எனினும் அதே வேளையில், பொதுவழியை மறித்து வேலியடைப்போர் மூன்று மைலுக்கு ஒரு கடவை விடவேண்டுமென்றும் சட்டம் விதித்தது. அடைப்பவனுக்கும் கடப்பவனுக்கும் இடையே அச்சட்டம் ஓரளவேனும் நடுநின்றது எனலாம்.

கிளிநொச்சியில் இம்மாற்றத்தின் முதற்காரணம் கம்பியன்று, நீர். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. 1905இல் வட பகுதிப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைத்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரசகாணியைத் துண்டுகளாக வகுத்துக் குடிகளுக்கு வழங்க வழிசெய்ய, மறு ஆண்டில் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலநெருக்கடியைத் தணித்தல் அதன் நோக்கம்.

குடாநாட்டிலிருந்து வந்தோர் தம்முடன் ஒரு வேலிப் பண்பாட்டையும் கொண்டு வந்தனர். ஒரு முழ நிலத்துக்கும் கதியால் நட்டு, அக்கதியால் ஒரு விரல் நகர்ந்தாலும் நீதிமன்றம் ஏறும் மக்கள் அவர்கள். குடியேற்றத்தின் அமைப்பும் அப்பண்புக்கு இயைந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வயல் வேறு, மேட்டுநிலம் வேறு. மேட்டுநிலத்தில் தென்னையும் மாவும் வாழையும் ஆண்டு முழுவதும் நிற்பன. நீர் கிடைத்த வயலிற் காலபோகத்தை அடுத்துச் சிறுபோகமும் வந்தது. சில திங்களுக்கு மட்டும் நின்ற அலம்பல் வேலி இதற்குப் போதாது. பூவரசு, கிளுவை முதலிய கதியால்களை நட்டு அவற்றில் முட்கம்பியை அறையும் முறை பரவிற்று. மரம் பருக்கப் பருக்கக் கம்பி அதன் உடலுள் மறைந்துவிடும். புதியதும் பழையதும் இவ்வாறு ஒன்றாயின. ஊர்கூடி அடைத்த வேலி வீட்டுக்கொன்றாய்ப் பிரிந்தது.

இங்கே மாட்டின் நிலை யாது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலத்தை முடிக்குரியதெனக் கொள்ள இடமளித்திருந்தது. தரவையில் தலைமுறை தலைமுறையாக மேய்த்தவனிடம் வழக்கம் இருந்தது, உறுதி இல்லை. பயிரழிவுக்கு மாட்டைப் பிடித்துக் கட்டவும் நட்டம் பெறவும் 1876ஆம் ஆண்டுச் சட்டம் உழவனுக்கு வழி கொடுத்தது. ஆதலின் தரவை துண்டுகளாக வகுக்கப்பட்டபோது எதிர்வழக்காட மாட்டுக்காரனிடம் ஆவணமில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அரசகாணியை ஒதுக்குவதற்குரிய தேவைகளுள் கிராம மேய்ச்சல் தரையையும் பெயர்சுட்டிக் கூறுகின்றது. ஏட்டில் அவ்விடம் இருந்தும், நிலத்தில் நெல்லுக்கே முதலிடம் கிடைத்தது. டெக்சாஸ் சட்டம் விட்ட கடவையை இங்கு எவரும் உறுதிப்படுத்தவில்லை என்பதே இவ்வரலாற்றின் பெருங்குறை.

உழவு இயந்திரத்தின் வருகை, சேறு கலக்கவும் சூடு மிதிக்கவும் உதவிய எருமையின் தேவையைக் குறைத்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் விலையேற, விசுவமடு முதலிய இடங்களில் மேட்டுநிலப் பயிர் விரிந்தது. காட்டோரமும் அடைபட்டது.

பின்னர் வந்த போர் வேலியின் பொருளையே மாற்றிற்று. 2009இல் இடம்பெயர்ந்த 250,000க்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அவற்றுள் இறுதியானவை 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டன. மாட்டுக்கெனச் செய்த கம்பி மனிதரை அடைத்தது. அவர்கள் விட்டுச்சென்ற மாடுகளோ அடைப்பாரின்றிக் காடேறின. ஊர் திரும்பியோர்க்கு வேலி இல்லை; ஆயினும் கதியால்கள் மரமாகி எல்லை காட்டி நின்றன, கிணறு சான்று கூறிற்று. சில ஊர்களில் அதுவும் வாய்க்கவில்லை. 2017இல் முல்லைத்தீவின் கேப்பாபுலவு, பிலக்குடியிருப்பு மக்கள் படையினரின் வேலிக்கு வெளியே ஒரு திங்கள் அமர்ந்திருந்தே தம் காணியை மீட்டனர்.

இக்காலத்தும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் விதைப்பு நாளோடு கால்நடைகளை அகற்றும் நாளும் குறிக்கப்படுகின்றது. தவறிய மாடுகள் ‘கட்டாக்காலி’ எனப் பிடிக்கப்பட்டுத் தண்டம் அறவிடப்படுகின்றது. அந்நாளில் பட்டிகளை ஓட்டிச் செல்வோர்க்கு ஒருபுறம் வயல், மறுபுறம் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல். இடையிலுள்ள குளத்தின் மேற்பரப்பிலும் வீதியோரத்திலும் மாடுகள் மேய்கின்றன. மேய்ச்சல் தரை ஒதுக்கித் தருமாறு கால்நடை வளர்ப்போர் கேட்டு வருகின்றனர்.