சரக்குக்காகப் போட்ட தண்டவாளம்: சிரம்பான் – போர்ட்டிக்சன் ரயில் பாதை

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியது என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பல மாணவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் ஓடியது உண்மை. 1891-இல் திறக்கப்பட்ட, சுமார் 39 கிலோமீட்டர் பாதை அது. இன்று அதில் பயணிகள் ரயில் இல்லை. ஏன் நின்றது என்று கேட்டால், 'காரும் பஸ்ஸும் வந்துவிட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பாதை போட்ட காலத்திலிருந்தே காரணத்தைத் தேட வேண்டும்.

இதைப் போட்டது சுங்கை ஊஜோங் ரயில்வே கம்பெனி என்ற தனியார் நிறுவனம். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதே முக்கிய நோக்கம். பிறகு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி மூலம் வந்த நம்மவர்கள் பால் வெட்டினார்கள். மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலையும் செய்தார்கள். ரயிலில் ஏறவும் செய்தார்கள். ஆனால் பாதை வகுக்கப்பட்டது அவர்களுக்காக அல்ல. நிலையம் ஓரிடம், லயம் வேறிடம். இடையில் நடைதான்!

1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை பிரதான பாதை இணைந்தது. சரக்குக்கு வேறு வழி கிடைத்தது. 1908-இல் போர்ட்டிக்சன் பாதையை அரசாங்கம் வாங்கியது. பின்னாளில் சாலைப் போக்குவரத்து வளர்ந்ததும் பயணிகள் ரயில் நின்றது. போர்ட்டிக்சன் சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய் வண்டிகள் மட்டும் 2008 வரை ஓடின. கவனித்தீர்களா? ஆள் ஏறும் ரயில்தான் முதலில் நின்றது. சரக்கு ரயில் அதற்குப் பிறகும் ஓடியது. நம் வாதத்துக்கு இதுவே வலுவான சான்று.

இன்றைய நிலை என்ன? 1995-இல் கொம்யூட்டர் சேவை வந்தது. சிரம்பான் – கெமாஸ் மின்மய இரட்டைப் பாதை 2013-இல் முடிந்தது. 2015-இல் கொம்யூட்டர் புலாவ் செபாங் – தம்பின் வரை நீண்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தோட்டத்து வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவில் பஸ் இல்லையென்றால், கார் இல்லாத பாட்டிக்கும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் அந்த ரயிலால் என்ன பயன்? பழைய இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மாணவர்களே, விடை எழுதும்போது மூன்றைப் பிரித்துக் காட்டுங்கள்: பாதை யாருக்காகப் போடப்பட்டது, சரக்கு ஏன் திசை மாறியது, பயணி நிலையத்துக்கு எப்படி வந்து சேர்கிறார். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.