நீர்வழி வந்த விலங்குகளும் உடன்வந்த மனிதரும்

காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த செல்வங்களை அடுக்கிச் சொல்லும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் கடல்வழி வந்த குதிரைகளையே முதலில் வைக்கிறார். மிளகும் மணியும் பொன்னும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. மிளகு மூட்டைக்குக் கடற்பயணத்தில் வேண்டுவது நனையாமல் இருத்தல் ஒன்றே. குதிரைக்கோ குடிநீர் வேண்டும், தீனி வேண்டும், ஆடும் தளத்தில் நிற்க இடம் வேண்டும், மருளும்போது கழுத்தைத் தடவிக்கொடுக்கப் பழகிய கை ஒன்று வேண்டும். இவையெல்லாம் எவ்வாறு அமைந்தன என்பதைப் புலவர் சொல்லவில்லை. அது அவர் பாட எடுத்துக்கொண்ட பொருளும் அன்று. ஆனால் நாயோடும் பூனையோடும் நாடுவிட்டு நாடு குடிபெயர்வோர் மிகுந்துவரும் இந்நாளில், அக்கேள்வியை வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்பது பயனுடையதே என்று கருதுகிறோம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பாண்டியர் ஆண்ட இதே கடற்கரையைப் பற்றி இருவர் எழுதியுள்ளனர். ஒருவர் பாரசீக வரலாற்றாசிரியரான வசாப். மற்றவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மாபாருக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தது என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும் வசாப் குறிக்கிறார். தமிழகக் கடற்கரையையே அரேபியரும் பாரசீகரும் மாபார் என்றனர். அவ்வொப்பந்தத்தில் நம் கண்ணை உறுத்தும் விதி ஒன்று உண்டு. வழியில் குதிரை நோயுற்றாலும் இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே செலுத்திவிடும் என்பதே அது. விற்பவனைப் பொறுத்தவரை, குதிரை உயிரோடு கரையேறுவதும் ஏறாததும் ஒன்றுதான்!

கரையேறிய குதிரைகளின் கதையை மார்க்கோ போலோ சொல்கிறார். இந்நாட்டை ஆண்ட உடன்பிறந்தார் ஐவரும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரைகள் வாங்குவர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சாது என்றும் அவர் எழுதுகிறார். பயணிகளின் எண்களை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. அவர் காட்டும் காரணங்களே கருதத் தக்கவை. இங்கே குதிரைகளுக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சியைத் தீனியாக இட்டார்கள். இலாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் அறிந்தவர் இல்லை. அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகரே பார்த்துக்கொண்டனர். பழைய குதிரை செத்தால்தானே புதிய குதிரை விலைபோகும்? வறுத்த தானியமும் நெய்யும் பசும்பாலும் கொடுத்த செய்தியை வசாப்பும் குறிக்கிறார். இது கொடுமை மனத்தால் செய்ததன்று. தமக்கு உயர்ந்தது எதுவோ அதையே குதிரைக்கும் ஊட்டினர். குதிரை வந்தது, குதிரையைப் பற்றிய அறிவு வரவில்லை.

கடலின் இரக்கமின்மைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு சான்று காட்டலாம். குசராத்துச் சுல்தானிடமிருந்து போர்ச்சுக்கீசியர் பெற்ற காண்டாமிருகம் 1515 மே மாதத்தில் இலிசுபனில் இறங்கிற்று. நேரில் பாராமலே ஆல்பிரெக்ட் டியூரர் மரச்செதுக்குப் படமாக்கிய அதே விலங்குதான். போர்ச்சுக்கல் மன்னர் அதனைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். 1516இன் தொடக்கத்தில் இத்தாலியக் கரைக்கு அருகே கப்பல் உடைந்தது. காண்டாமிருகம் நீந்த வல்லது. ஆயினும் தளத்தோடு சங்கிலியால் பிணித்திருந்ததால் மூழ்கி இறந்தது.

அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு விலங்கின் கதை வேறு. வேட்டையில் தாயை இழந்த கன்று ஒன்றை, வங்காளத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலராயிருந்த சிக்டர்மான் தம் வீட்டில் செல்லப் பிராணியாக வளர்த்தார். அது வீட்டுக்குள்ளேயே உலாவித் திரிந்தது. வளர்ந்து பெரிதாகி வீடு கொள்ளாமற்போகவே, தவ் மவுட் வான் டெர் மேர் என்னும் கப்பல் தலைவர் அதனை ஏற்றுக்கொண்டார். கிளாரா என்று பின்னர்ப் பெயர் பெற்ற அக்காண்டாமிருகம் 1741 சூலையில் ராட்டர்டாமில் நலமாகக் கரையேறியது. கடற்காற்றில் தோல் வெடிக்காதிருக்க மீனெண்ணெய் தடவினார்கள் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் பதினேழு ஆண்டுகள், 1758இல் இலண்டனில் இறக்கும்வரை, தனியே செய்த வண்டியில் அது ஐரோப்பாவைச் சுற்றிவந்தது. வான் டெர் மேர் துறவியல்லர். காட்சிக் கட்டணத்தால் பொருள் ஈட்டியவர். ஆனால் விலங்கு இறந்தால் இழப்பு அவருடையது. முன்பே மனிதரோடு பழகியிருந்தமை கிளாராவுக்கும் துணை நின்றது.

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய பயணத்துக்கு வருவோம். எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசுக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கிக் கன்றைப் பரிசளித்தார். சூடானில் பிடித்து நைல் வழியே அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுவந்த பெண் கன்று அது. இக்காலத்தார் அதனை ஜராஃபா என்று அழைக்கின்றனர். 1826இல் அதனை ஏற்றிய கப்பலில், கழுத்து வெளியே நீளுவதற்காகத் தளத்திலேயே ஒரு துளை வெட்டினர். கழுத்து உராயாதபடி துளையின் விளிம்பில் வைக்கோல் திணித்தனர். கன்று பால் குடித்து வளர்ந்ததால் மூன்று கறவை மாடுகளும் உடன் ஏறின. அதனைப் பேணிவந்த ஹசன், அதிர் ஆகிய இருவரும் உடன் வந்தனர்.

அக்டோபரில் மர்செய் துறைமுகத்தை அடைந்ததும் உடனே பாரிசுக்கு ஓட்டிவிடவில்லை. குளிர்காலம் முழுவதும் அந்நகரிலேயே தங்கவைத்தனர். அவ்வூர் ஆட்சியாளர் தம் மாளிகை முற்றத்தில் கொட்டகை அமைத்துக் கொடுத்தார். காலநிலை இடங்கொடுத்த நாள்களில் மாடுகள் முன்னே செல்ல, ஒட்டகச்சிவிங்கி பின்தொடர்ந்து உலாவிற்று. மன்னர் அவசரப்பட்டாலும் விலங்கு அவசரப்படவில்லை என்றே சொல்லலாம். புதிய குளிருக்கும் புதிய ஒலிகளுக்கும் அது பழக ஆறு மாதங்களுக்கு மேல் கிடைத்தன.

1827 மே மாதத்தில் பாரிசிலிருந்து இயற்கை நூலறிஞர் எத்தியென் ஜோஃப்ருவா சேந்த்-இலேர் வந்தார். அப்போது அவருக்கு வயது 55, மூட்டுவலியும் இருந்தது. உலாவப் பழகிய விலங்கை நடத்தியே அழைத்துச் செல்லலாம் என்று முடிவு செய்து, தாமும் உடன் நடந்தார். மழைக்காக மெழுகுத் துணியில் மேலங்கி தைத்தனர். மே 20இல் புறப்பட்டு ஏறத்தாழ 880 கிலோமீட்டரை 41 நாள்களில் கடந்து சூன் 30இல் பாரிசை அடைந்தனர். நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி, படைநடையன்று, மாட்டுநடை. பெருங்கூட்டம் கூடிய ஊர்களிலும் மாடுகள் முன்னே சென்றதால் அது பின்தொடர்ந்தது. அறிமுகமற்ற உலகத்தில் அறிமுகமான ஒன்று கண்ணுக்கு முன்னே இருந்ததே அதற்குப் போதுமாயிற்று. பாரிசில் 1845வரை அது வாழ்ந்தது. அதிர் அங்கேயே தங்கி, அதன் கொட்டிலிலேயே உறங்கி, அதனைப் பேணினார்.

பாஷா அனுப்பிய ஒட்டகச்சிவிங்கிகளில் ஒன்று இலண்டனுக்குச் சென்றது. அதற்கும் மாடுகள் இருந்தன, பாகரும் இருந்தனர். ஆனால் பயணத்தின் தொடக்கத்திலேயே ஒட்டக முதுகில் கால்களைக் கட்டிச் சுமந்துவந்ததால் மூட்டுகள் பழுதுபட்டுவிட்டன. 1827இல் இலண்டன் வந்த அது, நேராக நிற்க இயலாமல் இரண்டே ஆண்டில் இறந்தது. முதல் நாளில் செய்த தீங்கைப் பின்னர்க் காட்டிய பரிவால் ஈடுசெய்ய முடியவில்லை.

இவற்றிலிருந்து இன்றைய வீட்டுநாய்க்கு என்ன பாடம்? இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாயை அழைத்துச் செல்வோர் முதலில் அடையாளச் சில்லுப் பொருத்தி, பின்பு வெறிநோய்த் தடுப்பூசி இடவேண்டும். குறைந்தது முப்பது நாள் கழித்து இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். சோதனையில் தேறினாலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்தே நுழைய முடியும். பலரும் இக்காத்திருப்பைத் தொல்லை என்று நொந்துகொள்கின்றனர். நாம் இதனை மர்செயின் குளிர்காலம் என்று கொள்ளலாம்.

விமானக்கூண்டு, விலங்கு எழுந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் தருவதாக இருக்க வேண்டும். அக்கூண்டை முதல் நாளே வாங்கிக் கதவைத் திறந்து கூடத்தில் வைத்துவிடலாம். உள்ளே உணவு வைக்கலாம். அது படுத்துப் பழகிய பழந்துணியை விரிக்கலாம். தானாக நுழைந்து உறங்கத் தொடங்கிய பிறகே கதவைச் சற்று நேரம் சாத்த வேண்டும். புறப்படும் நாளில் பிடித்துத் தள்ளிப் பூட்டினால், அது இலண்டன் ஒட்டகச்சிவிங்கியின் தொடக்கமே ஆகும். மயக்க மருந்து கொடுத்து அனுப்புவதையும் மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. வானில் மூச்சும் இரத்த அழுத்தமும் தாழும் இடருண்டு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இயல்பாகவே மூச்சுத் தடை உண்டு என்பதால் சில விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்பதே இல்லை. தீனியைப் பயண வாரத்தில் மாற்றாதிருத்தலும் நன்று. உயர்ந்த உணவு என்று நாம் நினைப்பது அதன் வயிற்றுக்கு உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பாண்டிய நாட்டுக் குதிரைகள் தம் உயிரைக் கொடுத்துக் காட்டிவிட்டன.

ஆவணங்களை முகவர் முடித்துக் கொடுப்பார்; விலங்கு வழியில் இறந்தால் காப்பீட்டுத் தொகைகூடக் கிடைக்கலாம். கிஷ் வணிகருக்கும் தொகை கிடைத்தது. தொகை பெற்று ஆறாத இழப்புடையவர் எவரோ, கூண்டைப் பழக்கும் வேலையும் அவருடையதே.