வட்டுக்கோட்டைத் தீர்மானம் மீதான மீள்வாக்கெடுப்பு

வட்டுக்கோட்டைத் தீர்மானம் மீதான மீள்வாக்கெடுப்பு என்பது, இலங்கையின் வடக்கு, கிழக்கில் தனித் தமிழீழ அரசு அமைக்கப்பட வேண்டும் என 1976 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட தீர்மானத்தை மீண்டும் ஒருமுறை மக்கள் முன் வைத்து, புலம்பெயர் தமிழர் வாழும் நாடுகளில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட வாக்கெடுப்புக்களைக் குறிக்கும். இவ்வாக்கெடுப்புக்கள் எந்த அரசினாலும் நடத்தப்பட்டவை அல்ல. சட்ட வலு அற்றவை. ஒருமுறை வழங்கப்பட்ட ஆணையை ஒரு தலைமுறை கடந்த பின்னர் மீண்டும் கேட்கத்தான் வேண்டுமா, கேட்பதானால் யாரிடம் கேட்பது ஆகிய வினாக்களை இவை தமிழரிடையே எழுப்பின.

முதல் ஆணை

மீள்வாக்கெடுப்பு என்ற பெயரே முன்னர் ஒரு வாக்கெடுப்பு நடந்தது என்ற கருத்தை உள்ளடக்கியது. உண்மையில் தமிழீழம் குறித்து நேரடியான மக்கள் வாக்கெடுப்பு எதுவும் அதற்கு முன் நடைபெற்றதில்லை. தேர்தல்களே அவ்வாறு கொள்ளப்பட்டன. 1972 அரசியலமைப்பை எதிர்த்துத் தமது நாடாளுமன்றப் பதவியைத் துறந்த சா. ஜே. வே. செல்வநாயகம், தம் நிலைப்பாட்டைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா என்பதை இடைத்தேர்தல் ஒன்றின் மூலம் அறியலாம் என அரசுக்கு அறைகூவல் விடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தள்ளிப்போடப்பட்ட காங்கேசன்துறை இடைத்தேர்தல் 1975 பெப்ரவரியில் நடைபெற்றபோது, இடதுசாரி வேட்பாளர் வி. பொன்னம்பலத்தை அவர் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள பண்ணாகத்தில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு, தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கூட்டணியில் இடம்பெற்றிருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு, மலையக மக்களுக்குத் தனிநாடு தீர்வாகாது என்பதால் இதில் சேரவில்லை. அடுத்த ஆண்டு சூலையில் நடந்த பொதுத் தேர்தலை இத்தீர்மானத்திற்கான ஆணை கோரும் தேர்தலாகக் கூட்டணி அறிவித்துப் போட்டியிட்டது. வட மாகாணத்தின் 14 இடங்களையும், கிழக்கின் 12 இடங்களில் நான்கையும் பெற்றது. ஆணை வடக்கில் ஐயத்திற்கு இடமில்லாதது. முசுலிம்களும் சிங்களவரும் பெருந்தொகையாக வாழும் கிழக்கில் அவ்வாறு கூறவியலாது. பொத்துவில் தொகுதியில் கூட்டணி சார்பில் வென்ற உறுப்பினரும் விரைவிலேயே ஆளுங்கட்சிக்கு மாறிவிட்டார்.

கேட்கப்படாத வினாக்கள்

இலங்கையில் நாடு தழுவிய மக்கள் வாக்கெடுப்பு ஒரே ஒரு முறைதான் நடந்துள்ளது. 1982 டிசம்பர் 22 இல் நடைபெற்ற அவ்வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீடிப்பது பற்றியது. யாழ்ப்பாண மாவட்டம் அதனை நிராகரித்தபோதும், நாடளாவிய பெரும்பான்மையால் அது நிறைவேறியது. அவ்வாறு நீடிக்கப்பட்ட நாடாளுமன்றமே 1983 ஆகத்து மாதத்தில் ஆறாம் திருத்தத்தைக் கொண்டுவந்து, தனிநாடு கோருவதைச் சட்டவிரோதமாக்கியது. பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியை எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் பதவியிழந்தனர். 1977 இல் கேட்கப்பட்ட வினாவை இலங்கை மண்ணில் திரும்பக் கேட்பதே அன்றிலிருந்து குற்றமாயிற்று.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வேறொரு வாக்கெடுப்பை உறுதியளித்தது. தற்காலிகமாக இணைக்கப்படும் வடக்கும் கிழக்கும் இணைந்தே இருக்க வேண்டுமா என்பதைக் கிழக்கு மாகாண மக்கள் 1988 முடிவுக்குள் தீர்மானிப்பர் என்பது அதன் ஏற்பாடு. அது ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு, ஒருபோதும் நடத்தப்படவில்லை. இணைப்புச் செய்யப்பட்ட முறை செல்லாது என 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, 2007 தொடக்கத்தில் மாகாணங்கள் பிரிக்கப்பட்டன.

நடைபெற்ற விதம்

முதல் வாக்கெடுப்பு நோர்வேயில் 2009 மே 10 அன்று நடந்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிவதற்கு ஒரு வாரமே எஞ்சியிருந்த நாள் அது. 5,633 பேர் வாக்களித்தனர், 98.95 விழுக்காட்டினர் ஆம் என்றனர். கனடாவில் 2009 டிசம்பர் 19 இல் 48,583 வாக்குகளும் (99.8 விழுக்காடு ஆதரவு), ஐக்கிய இராச்சியத்தில் 2010 சனவரி 30, 31 ஆகிய நாட்களில் 64,692 வாக்குகளும் (99.33 விழுக்காடு ஆதரவு) பதிவாயின. பிரான்சு, சுவிட்சர்லாந்து, செருமனி, நெதர்லாந்து, டென்மார்க், இத்தாலி, ஆத்திரேலியா ஆகிய நாடுகளிலும் இது நடைபெற்றது. ஈழத்தமிழர் தனித் தேசிய இனம், அவர்களுக்கு மரபுவழித் தாயகமும் தன்னாட்சி உரிமையும் உண்டு என்ற அடிப்படையில் தமிழீழம் அமைவதை விரும்புகிறீர்களா என்பதே வினாவின் சாரம்.

இவ்விழுக்காடுகளைக் கவனத்துடன் படிக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் எதுவும் இல்லாமையால், தகுதியுடையோரில் எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதைக் கணிக்க இயலாது. உடன்படாதோர் இல்லை என்று வாக்களிப்பதை விட வீட்டிலிருந்து விடுவதே இயல்பு. ஆகவே 99 என்ற எண்ணைக் காட்டிலும், பனிக்காலத்தில் வாக்குச்சாவடி தேடிச் சென்றோரின் தொகையே கூடுதல் பொருளுடையது.

ஆதரவும் மறுப்பும்

ஆதரித்தோரின் வாதம் காலத்தைச் சார்ந்தது. 1977 இல் வாக்களித்தோரில் பலர் இறந்தும் இடம்பெயர்ந்தும் போயினர். தனிநாட்டுக் கோரிக்கை ஆயுத இயக்கத்துடையது மட்டுமே, இயக்கத்தோடு அதுவும் முடிந்தது என்ற கருத்தை மறுக்க மக்களின் வாக்கே சான்று என்றனர்.

மறுப்புக்கள் இரு திசைகளிலிருந்தும் எழுந்தன. ஆணை ஏற்கெனவே உள்ளது. மீண்டும் கேட்பது முன்னையதை ஐயத்துக்குள்ளாக்கும் என்றனர் சிலர். வேறு சிலர், கூட்டாட்சி போன்ற தெரிவுகளுக்கு வாக்குச்சீட்டில் இடமில்லை என்றும், முடிவின் விளைவைச் சுமக்க வேண்டியவர்கள் தாயகத்தில் வாழ்வோரே என்றும் சுட்டிக்காட்டினர். இரண்டாவது மறுப்பே வலுவானது. அப்போது இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்த இலட்சக்கணக்கானோரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆறாம் திருத்தம் இருக்கும் வரை கேட்கவும் முடியாது. 2010 பொதுத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இணைந்த வடக்கு-கிழக்கில் கூட்டாட்சி என்ற நிலைப்பாட்டுடன் போட்டியிட்டு, தமிழர் பகுதிகளில் பெரும்பாலான இடங்களை வென்றமை இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும்

2013 மார்ச் 27 இல் தமிழ்நாடு சட்டமன்றம், இலங்கையில் உள்ள தமிழரிடமும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் தனி ஈழம் குறித்துப் பொது வாக்கெடுப்பு நடத்த ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையை வலியுறுத்துமாறு நடுவண் அரசைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. நடுவண் அரசு அவ்வழியில் செல்லவில்லை. தமிழ்நாட்டின் தென்கோடி எல்லையே வாக்கெடுப்பின்றி வரையப்பட்டது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. அஞ்சுகிராமம் அடங்கிய அகத்தீசுவரம் முதலிய நான்கு வட்டங்கள், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தேர்தல் வெற்றிகள், 1954 துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்புகள், மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரை ஆகியவற்றின் வழியாக 1956 நவம்பர் 1 இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

கியூபெக்கில் 1980, 1995 ஆகிய இரு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாம் முறை பிரிவினை 49.42 விழுக்காடு பெற்று மயிரிழையில் தோற்றது. 2014 இல் பிரிவை மறுத்த இசுக்கொட்லாந்து மீண்டும் வாக்கெடுப்புக் கோரியபோது, இலண்டன் ஒப்புதலின்றி அதற்கான சட்டமியற்ற அதன் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் 2016 முடிவு மீதான இரண்டாம் வாக்கெடுப்புக் கோரிக்கையும் நிறைவேறவில்லை. இவை அனைத்திலும் முதல் வாக்கெடுப்பு அரசின் இசைவுடன், வாக்காளர் பட்டியலுடன் நடந்திருந்தது. ஈழத்தமிழரைப் பொறுத்தவரை, இரண்டாவது என அழைக்கப்படுவதற்கு முன்னர் அத்தகைய முதலாவது இன்னும் நடைபெறவில்லை.