நகலெடுப்புத் தொகையில் எழுத்தாளர் பங்கு: 2016ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகள்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் கல்லூரி மாணவர் ஒருவர், வாழும் எழுத்தாளரின் சிறுகதையைப் பாடத்திற்காக நகலெடுத்தால் எழுதியவருக்கு என்ன கிடைக்கும்? நடைமுறையில் ஒன்றுமில்லை எனலாம். நகலெடுப்புக்கு உரிமம் வழங்கிக் கட்டணம் திரட்டவும், அதனை ஆசிரியர்க்கும் பதிப்பாளர்க்கும் பகிரவும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி 2000இல் ஓர் அமைப்பு பதிவுபெற்றது. எனினும் தில்லிப் பல்கலைக்கழக நகலகத்தின்மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்கான நகல்தொகுப்பு உரிமைமீறலன்று எனத் தில்லி உயர்நீதிமன்றம் 16.9.2016இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் வழக்கின் ஒரு பகுதி மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. மாணவர்க்கு இது நியாயமே. ஆனால் வாதிகள் பதிப்பகங்கள். ஆகவே எழுத்தாளர் பங்கு எவ்வளவு என்னும் வினா அங்கு எழவேயில்லை.

செருமனியில் அவ்வினாவே வழக்காயிற்று. நகற்பொறி முதலிய கருவிகளின்மீது விதிக்கப்படும் தீர்வையை, 1958இல் தோன்றிய ‘வி.ஜி. வோர்ட்’ சங்கம் திரட்டிப் பதிப்பாளர்க்கும் நிலையான பங்களித்து வந்தது. எழுத்தாளர் மார்ட்டின் ஃபோகல் இதனை எதிர்த்தார். 21.4.2016இல் கூட்டாட்சி உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பதிப்பாளர் வாளாவிருக்கவில்லை, 2021ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு மீண்டும் இடமளித்தது. எழுத்தாளருக்குக் குறைந்தது மூன்றில் இரு பங்கு என்பதையும் அச்சட்டமே வரையறுத்தது.