38 பேர்

1964 மார்ச் 13, விடியுமுன். நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். இரண்டு வாரம் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் எழுதிற்று: 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லை.

நகர மனிதனின் ஆன்ம வறட்சிக்கு இதைவிட வசதியான படிமம் கிடைக்குமா? எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குப் படுவது: 40 என்றிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். 38, எண்ணிப் பார்த்தது போலிருக்கிறது.

நடந்தது வேறு. ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டினார். கொலைகாரன் விலகிப் போய், திரும்பி வந்தான். இரண்டாவது தாக்குதல் கட்டிடத்தின் பின்புறம், படிக்கட்டின் அடியில். பெரும்பாலோர் கேட்டது அலறலை மட்டுமே. கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டவனும் உண்டு. அவனை மன்னிக்க நான் யார்? ஆனால் அண்டை வீட்டுக்காரி ஒருத்தி, கொலைகாரன் போய்விட்டானா என்று தெரியாமலே இறங்கி ஓடிக் கிட்டியைத் தாங்கிக்கொண்டாள். செய்தியில் இவளுக்கு இடமில்லை. குற்றவாளி, பலியானவள், வேடிக்கை பார்த்தவர்கள் என்று வேஷங்களைப் பகிர்ந்தளித்தபின் நாலாவது வேஷம் மிச்சமிருக்கவில்லை.

கதை சோதனைக்கூடத்துக்கும் போயிற்று. 1968இல் டார்லியும் லட்டானேயும், வலிப்பில் துடிக்கும் ஒருவனின் குரலைக் கேட்க வைத்தார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் உடனே உதவி தேடினர். இன்னும் நால்வர் கேட்பதாக நினைத்தவர்களில் 31. பிழையான செய்தியிலிருந்து பிறந்த உண்மை.

கொலைகாரன் 2016இல் சிறையில் செத்தான். அவனுடைய மரணச் செய்தியில் டைம்ஸ் தன் பழைய சித்திரம் தவறென்று எழுதிற்று. அதற்குச் சற்று முன், 2015இல் வந்த ‘தி விட்னெஸ்’ ஆவணப்படத்தில், கிட்டியின் தம்பி அந்த அண்டை வீட்டுக்காரியைச் சந்திக்கிறார். கிழவியாகிவிட்டிருந்தாள். அக்காவை அன்றைக்கு ஒருத்தி தாங்கிப் பிடித்திருந்தாள் என்பது அந்தக் குடும்பத்துக்கு அதுவரை தெரியாது.